கடைசி நிறுத்தத்தில் கடல்

நியூயார்க் சுரங்க ரயிலின் டி, எஃப், என், க்யூ என்ற நான்கு தடங்களும் புரூக்ளினின் தென்கோடியில் ஒரே நிலையத்தில் வந்து முடிகின்றன. கோனி ஐலண்ட், ஸ்டில்வெல் அவென்யூ. அதற்கு மேல் தண்டவாளம் போடத் தரை இல்லை, அட்லாண்டிக் பெருங்கடல்தான். மன்ஹாட்டனிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நகரின் எந்த மூலையில் ஏறினாலும் 2025 கோடையில் கட்டணம் 2 டாலர் 90 சென்ட். உலகின் மிகப் பழைய கேளிக்கைத் திடல்களில் ஒன்றுக்குப் போய்ச் சேர அவ்வளவு போதுமாயிருந்தது. திடலுக்குள் நுழையக் காசில்லை, கடற்கரைக்கும் காசில்லை. ராட்டினத்தில் ஏறினால் அந்த ராட்டினத்துக்கு மட்டும் சீட்டு. ஏறப் பிடிக்காதவர்கள் காலை முதல் இரவு வரை சும்மா சுற்றிவிட்டு வீடு திரும்பலாம். இப்படி ஓர் ஏற்பாடு அமெரிக்கக் கடலோரத்தில் நிலைத்திருப்பதற்குப் பின்னால் நூறாண்டுச் சண்டை இருக்கிறது.

ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் என் தங்கை மகளோடு க்யூ ரயிலில் போனேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது, குவீன்ஸில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி விடுமுறை. மன்ஹாட்டன் பாலத்தில் ரயில் ஏறியதும் ஆறு தெரிந்தது. பிறகு புரூக்ளினின் வீட்டுக் கொல்லைகளை ஒட்டிய பள்ளத்தில் வெகுதூரம் ஓடியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெட்டியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. கணினிப் பையும் காதுக்கருவியுமாக இருந்தவர்கள் இறங்கினார்கள். மடக்கு நாற்காலி, குடை, ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் வாளி என்று ஏறினார்கள் மற்றவர்கள். எங்களுக்கு எதிரே ஒரு வங்காளதேசக் குடும்பம். பாட்டியின் மடியில் அலுமினியத் தாள் போர்த்திய பெரிய தட்டு. உள்ளே பிரியாணிதான் என்பதைப் பெட்டி முழுக்க அறிந்திருந்தது. ஷீப்ஸ்ஹெட் பே தாண்டியதும் ரயில் தெருவுக்கு மேலே, இரும்புத் தூண்கள்மீது ஓடுகிறது. பிரைட்டன் பீச்சில் கடைப் பலகைகள் ரஷ்ய எழுத்துக்கு மாறின. அடுத்த சில நிமிடங்களில் இடப்பக்க ஜன்னலில் சைக்ளோன் ரோலர் கோஸ்டரின் வெள்ளைச் சட்டங்கள் வந்தன. குழந்தைகள் எல்லாரும் ஒரே பக்கம் பாய்ந்தார்கள். என் தங்கை மகளும்தான்.

1920-இல் ரயில் இங்கே நேரடியாக வந்து சேர்ந்தபோது கட்டணம் ஐந்து சென்ட். அதுவரை கப்பலுக்கும் தனியார் ரயிலுக்கும் கொடுக்க முடிந்தவர்கள் வந்த இடத்துக்கு, தையல் கூடத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள் வரத் தொடங்கினார்கள். நெரிசலான குடியிருப்புகளில், ஜன்னல் இல்லாத அறைகளில் வெக்கையில் கிடந்தவர்கள். கோடை ஞாயிறு ஒன்றில் பத்து லட்சம் பேர் கூடுவது வழக்கமானது. வீஜி என்ற புகைப்படக்காரர் 1940 ஜூலையில் எடுத்த படம் ஒன்று உண்டு. மணலே தெரியாது, தலைகள் மட்டும். அத்தனை பேரும் கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அந்தப் படத்தை நெரிசலின் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது அவர்கள் முகத்திலிருக்கும் சந்தோஷம்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிர்மூலையில் நேதன்ஸ். மஞ்சளும் பச்சையுமான விளம்பரப் பலகை, வறுத்த எண்ணெய் வாசம், பதினோரு மணிக்கே வரிசை. போலந்திலிருந்து வந்த நேதன் ஹேண்ட்வெர்க்கர் 1916-இல் தொடங்கிய கடை இது. அதற்குமுன் அவர் சார்லஸ் ஃபெல்ட்மன் என்பவர் நிறுவிய உணவகத்தில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். ஃபெல்ட்மன் ஜெர்மானியர். 1867-இல் தள்ளுவண்டியில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்க ஆரம்பித்து, ஒரு தெருப் பகுதியையே வளைத்துப் போடும் அளவுக்கு வளர்ந்தவர். அங்கே ஒரு ஹாட் டாக் பத்து சென்ட். நேதன் ஐந்து சென்டுக்கு விற்றார். ரயிலுக்கு ஐந்து, சாப்பாட்டுக்கு ஐந்து. பத்து சென்டில் ஒருவன் வந்து கடலைப் பார்த்துப் பசியாறலாம் என்றானது. ஃபெல்ட்மன் உணவகம் 1954-இல் மூடிவிட்டது. நேதன்ஸ் அதே மூலையில் நிற்கிறது. 2012-இல் சாண்டி புயலின்போது கடல் உள்ளே புகுந்து கடையை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடி திறந்தார்கள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டேன். அலையலையாக வெட்டிய, தடிமனான துண்டுகள். விரலைச் சுடுமளவுக்குச் சூடு.

கடலுக்கும் கடைகளுக்கும் நடுவே பலகைப் பாதை கிடக்கிறது. பெயர் ரீகல்மன் போர்டுவாக், இன்றைய நீளம் 2.7 மைல். மீன்முள் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகளைப் பாவியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் உள்ளங்காலில் சூடு ஏறுகிறது. எட்டு வைக்கும்போது ஆணி தளர்ந்த பலகை லேசாகத் துள்ளுகிறது. சில பகுதிகளில் மரத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். சூறாவளிக்குத் தாங்கும், வெப்பமண்டலக் காட்டு மரத்தை வெட்ட வேண்டாம் என்று நகராட்சி சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கான்கிரீட்டில் கால் வைத்ததும் நடை மாறிப்போகிறது, சாதாரணத் தெருவுக்கு வந்துவிட்ட உணர்வு. 2018-இல் இந்தப் பாதையையே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

இந்தப் பாதை 1923-இல் திறக்கப்பட்டதற்கு முன்னால் கடல் யாருடையது என்பதே வழக்காக இருந்தது. குளியல் விடுதிக்காரர்களும் உணவகக்காரர்களும் தங்கள் கட்டடத்துக்கு முன்னாலிருந்த மணலுக்கு வேலி போட்டிருந்தார்கள். வேலி தண்ணீருக்குள்ளும் நீண்டது. காசு கொடுத்து உடைமாற்றும் அறை எடுத்தவர்களுக்கே அலை. நகராட்சி நீதிமன்றத்தில் போராடி, வேலிகளைப் பிடுங்கி, கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கொட்டிக் கரையை அகலமாக்கியது. அதன்மேல்தான் பலகைப் பாதை. அப்போது புரூக்ளின் பகுதித் தலைவராக இருந்த எட்வர்ட் ரீகல்மன் இந்த வேலையைப் பிடிவாதமாக முடித்தவர். தன் பெயரை வைக்க வேண்டாம் என்று அவர் சொன்னதாகவும், மற்றவர்கள் கேளாமல் வைத்துவிட்டதாகவும் சொல்வார்கள். பொதுக் கரைக்கு உழைத்தவர் பெயர் மரத்தில் இருப்பது சரிதான்.

மணலில் குடைகள் முளைத்திருந்தன. புவெர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பாதையோரம் டோமினோ பலகையை விரித்து, பக்கத்தில் டிரம் வைத்துப் பாடினார்கள். தலை மறைத்த பாகிஸ்தானியப் பெண்கள் சல்வாரோடு இடுப்பளவு நீரில் நின்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருத்தி மாம்பழத்தைப் பூப்போலக் கீறிக் குச்சியில் செருகி, மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் போட்டு விற்றாள். தங்கை மகள் ஒன்று வாங்கி, ஒரு கடி கடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"பெரியம்மா, இது நம்ம ஊர் மாதிரி இருக்கா?"

"மிளகாய் கொஞ்சம் குறைச்சல். உப்பு சரியா இருக்கு."

தண்ணீர் ஜூலையிலும் குளிர்ச்சிதான். கணுக்கால் வரை இறங்கியவள் அலறிக்கொண்டு ஓடி வந்தாள், அடுத்த நிமிடம் மறுபடி இறங்கினாள். பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை ஆரஞ்சு உடையில் நீச்சல் காவலர்கள் உயரமான நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாராவது எல்லை தாண்டினால் விசில்.

மதியத்துக்கு மேல் வொண்டர் வீல் பக்கம் போனோம். 150 அடி உயர ராட்சத ராட்டினம், எடை 200 டன். சார்லஸ் ஹெர்மன் வடிவமைத்தது, 1920-இல் சுற்றத் தொடங்கியது. தூரத்திலிருந்து பார்த்தால் திருவிழா ராட்டினத்தின் பெரிய அண்ணன் என்றே தோன்றும். கிட்டே போனால்தான் விஷயம் விளங்குகிறது. மொத்தம் 24 கூண்டுகள். அவற்றில் எட்டு மட்டுமே சக்கரத்தின் வெளிவட்டத்தில் நிலையாகத் தொங்குகின்றன. மீதிப் பதினாறும் சக்கரத்துக்குள்ளேயே வளைந்த தண்டவாளங்களில் நிற்கின்றன. சக்கரம் சுழலச் சுழல, சாய்வு ஒரு கட்டத்தைத் தாண்டியதும் கூண்டு சட்டென்று உருண்டு, நடுவிலிருந்து விளிம்புக்கு வருகிறது. விளிம்பை முட்டி நின்று முன்னும் பின்னும் ஆடுகிறது. அந்த உருளலுக்குச் சற்று முன்பு ஒரு நொடி எதுவும் நடக்காது. இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் கிறீச்சிடும் ஓசை மட்டும் கேட்கும். பிறகு வயிறு மேலே வரும், கடல் முகத்துக்கு நேராகப் பாயும்.

ஏறுவதற்கு இரண்டு வரிசை. ஆடும் கூண்டுக்கு ஒன்று, ஆடாததற்கு ஒன்று. தங்கை மகள் என் கையைப் பிடித்து ஆடும் வரிசைக்கு இழுத்தாள். உச்சியில் போய் நின்றபோது ஒரு பக்கம் கடலும் கப்பல்களும், மறுபக்கம் புரூக்ளினின் தட்டைக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் மன்ஹாட்டனின் கோபுரங்களும் தெரிந்தன. கூண்டின் கம்பிவலை பலமுறை வண்ணம் பூசித் தடித்திருந்தது. விரலால் தடவினால் அடுக்குகள் தெரிந்தன.

இந்த ராட்டினத்தின் சொந்தக்காரர்கள் கதையை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். டெனோஸ் வூர்டெரிஸ் கிரேக்க நாட்டிலிருந்து வந்தவர், தள்ளுவண்டியில் ஹாட் டாக் விற்றவர். தான் விரும்பிய லூலாவிடம் இந்த ராட்டினத்தின் அடியில் நின்று, என்னைக் கல்யாணம் செய்துகொள், ஒருநாள் இதையே உனக்கு வாங்கித் தருகிறேன் என்றாராம். 1983-இல் வாங்கினார். அப்போது கோனி ஐலண்ட் சீரழிந்து கிடந்தது. பக்கத்து மனைகளில் கட்டடங்கள் எரிந்துபோயிருந்தன, சுற்றுலாக்காரர்கள் வரப் பயந்தார்கள். இரண்டரை லட்சம் டாலருக்கு வாங்கி, துரு சுரண்டி, வண்ணம் பூசி, ஓட்டினார். 1989-இல் அது நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இப்போது அவர் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடத்துகிறார்கள். 1977-இல் நியூயார்க் முழுவதும் மின்சாரம் போன இரவில் ராட்டினம் நின்றுவிட்டது. அப்போதைய சொந்தக்காரர்கள் சக்கரத்தைக் கையால் சுற்றி அதிலிருந்தவர்களை ஒவ்வொரு கூண்டாகக் கீழே இறக்கினார்கள். 200 டன் எடையைக் கையால் நகர்த்த முடிகிற அளவுக்கு அதன் சமநிலையை அமைத்தவர்களை நினைத்து வியந்துபோனேன்.

சர்ஃப் அவென்யூவுக்கு அந்தப் பக்கம், அடுக்குமாடிகள் வரிசையாக நிற்கிற இடத்தில்தான் பழைய லூனா பார்க் கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1903 மே மாதம் அதைத் திறந்தபோது இரண்டரை லட்சம் மின்விளக்குகள் எரிந்தன. வீடுகளில் எண்ணெய் விளக்கும் வாயு விளக்கும் எரிந்த காலம் அது. அடுத்த ஆண்டு எதிரே டிரீம்லேண்ட் வந்தது. பத்து லட்சம் விளக்குகள். இன்னொரு பக்கம் 1897-லேயே ஜார்ஜ் டில்யூ தொடங்கிய ஸ்டீபிள்சேஸ், அங்கே இரும்புத் தடங்களில் இயந்திரக் குதிரைகள் ஜோடி ஜோடியாகப் பந்தயம் ஓடின. மூன்று பூங்காக்கள் ஒரே கரையில்.

மாக்சிம் கார்க்கி 1906-இல் இங்கே வந்தார். தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் நாம் படித்த 'தாய்' நாவலை அவர் எழுதத் தொடங்கியது அந்த அமெரிக்கப் பயணத்தில்தான். இரவில் தூரத்திலிருந்து பார்த்தபோது கடலின்மீது நெருப்பு நகரம் ஒன்று எழுந்திருப்பதாகக் கண்டு அவர் வியந்தார். உள்ளே நடந்து பார்த்ததும் வெறுத்துப்போனார். உழைப்பாளி மக்களின் மூளையை மழுங்கடித்து, அவர்கள் காசைப் பிடுங்குகிற சலிப்பின் இயந்திரமாக அவருக்கு அது பட்டது. கார்க்கி சொன்னதை நான் லேசாகத் தள்ளவில்லை. இங்கே மனிதர்களையும் விலங்குகளையும் காட்சிப்பொருளாக வைத்தார்கள். 1904-இல் லூனா பார்க்கில் டெல்லித் தெருக்களையே கட்டி, யானை ஊர்வலம் விட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1903 ஜனவரி 4 அன்று, டாப்ஸி என்ற ஆசியப் பெண் யானையைக் கட்டி முடிக்காத லூனா பார்க் திடலில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். சர்க்கஸில் ஒருவரைக் கொன்ற யானை என்பது அவள்மீதான குற்றச்சாட்டு. அந்த ஆள் எரியும் சுருட்டால் அவள் துதிக்கை நுனியைச் சுட்டிருந்தான். எடிசன் கம்பெனி அந்தச் சாவைப் படமெடுத்துக் காசு பார்த்தது. நூறாண்டுக்குப் பிறகு, 2003-இல், இங்கிருக்கும் கோனி ஐலண்ட் அருங்காட்சியகம் டாப்ஸிக்கு நினைவுச்சின்னம் வைத்தது. ஆசியக் காட்டில் பிடிபட்ட யானை இந்தக் குளிர்க் கரையில் அப்படிச் செத்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அதே லூனா பார்க்கில், அதே 1903-இல், குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு ஒரு கட்டடம் இருந்தது. அதை கார்க்கி கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மார்ட்டின் கூனி என்பவர் அதை நடத்தினார். மாதம் முடியாமல் பிறந்த, ஒரு கிலோ அளவே இருந்த சிசுக்களைக் கண்ணாடி முகப்பு வைத்த இன்குபேட்டர்களில் படுக்க வைத்திருந்தார். அன்று அமெரிக்காவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்தக் கருவி கிடையாது. இப்படிப் பிறந்தவை பிழைக்காது என்று கைவிடுவதே வழக்கம். ஆகவே மருத்துவர்களும் தகப்பன்மாரும் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கேளிக்கைப் பூங்காவுக்கு ஓடிவந்தார்கள். கூனி பெற்றோரிடம் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. எந்த நிறம், எந்த வகுப்பு என்று பார்க்கவில்லை. செலவு முழுவதும் பார்வையாளர் கொடுத்த 25 சென்டில் நடந்தது. ரோலர் கோஸ்டரில் இருந்து இறங்கியவர்கள் அடுத்த வாசலில் நுழைந்து, கம்பித் தடுப்பில் சாய்ந்து, மூச்சுவிடப் போராடும் உயிர்களைப் பார்த்தார்கள். தலைமைச் செவிலி தன் விரல் மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் கைவழியே மணிக்கட்டுவரை ஏற்றிக் காட்டுவார். அவ்வளவு சின்னக் கை. பாலூட்ட அமர்த்திய தாய்மார்கள் வெளியே ஹாட் டாக் வாங்கித் தின்றது தெரிந்தால் வேலை போய்விடும். சுத்தத்தில் கூனி அத்தனை கறார்.

அவர் மருத்துவப் பட்டம் பெற்றதற்கான சான்று கிடைக்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். 1907-இல் பிறந்த அவருடைய மகளே குறைமாதக் குழந்தை. அவளையும் இதே இன்குபேட்டரில்தான் வைத்துக் காப்பாற்றினார். அவள் வளர்ந்து செவிலியாகி இதே கூடத்தில் வேலை செய்தாள். நாற்பது ஆண்டுகளில் இங்கும் பிற கண்காட்சிகளிலும் சுமார் 8,000 குழந்தைகள் அவர் கைக்கு வந்தன, 6,500 பிழைத்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1943-இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவமனையில் குறைப்பிரசவத்துக்கெனத் தனிப் பிரிவு திறந்ததும், தன் வேலை முடிந்தது என்று கூடத்தை மூடிவிட்டார். அவருடைய இன்னொரு கூடம் இருந்த டிரீம்லேண்ட் 1911 மே மாதத்தில் ஓர் இரவில் எரிந்து சாம்பலானது. நரக வாசல் என்ற சவாரியில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது கொதிக்கும் தார் கவிழ்ந்து பற்றிய தீ. விலங்குகள் கூண்டோடு கருகின. குழந்தைகள் அத்தனை பேரையும் வெளியே எடுத்துவிட்டார்கள்.

தங்கை மகளிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "ராட்டினத்துக்குப் பக்கத்திலயா பெரியம்மா? பாப்பா தூங்குமா?" என்று கேட்டாள். அவளும் எட்டாம் மாதத்தில் பிறந்தவள்தான். பிறந்தபோது இரண்டு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள், என் தங்கை வெளியே நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். அதையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் நடந்து வந்தவள், அடுக்குமாடிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, சைக்ளோனுக்கு எப்போது போகிறோம் என்றாள்.

1884-இல் லமார்கஸ் தாம்ப்சன் அமெரிக்காவின் முதல் ரோலர் கோஸ்டர்களில் ஒன்றை இந்தக் கரையில்தான் வைத்தார். கோபுரத்தில் படியேறிப் போய் உட்கார்ந்தால், மணிக்கு ஆறு மைல் வேகத்தில் வண்டி உருண்டு மறுகோடிக்குப் போகும். சவாரி ஐந்து சென்ட். கூட்டம் மொய்த்தது. 1927 ஜூன் 26 அன்று திறந்த சைக்ளோன் அதே வம்சம். ஆனால் வேகம் பத்து மடங்கு. உயரம் 85 அடி. முதல் இறக்கம் ஏறக்குறைய 60 பாகைச் சரிவு. சட்டங்கள் இரும்பு, தண்டவாளத்தின் அடிப்படுகை மரம். பலகை அடுக்குகளின்மேல் இரும்புப் பட்டையை அறைந்திருக்கிறார்கள். மரம் வெயிலில் விரிகிறது, குளிரில் சுருங்குகிறது, கடற்காற்றில் ஊறுகிறது. ஆகவே தச்சர்கள் தினமும் தடத்தில் நடந்து பார்த்து, தளர்ந்ததை முடுக்கி, இற்றுப்போனதை மாற்றுகிறார்கள். நூறு வயதை நெருங்கும் இந்தச் சவாரி அப்படித்தான் ஓடுகிறது. 2024 ஆகஸ்டில் சங்கிலிப் பல்சக்கரத்தில் விரிசல் தெரிந்ததும் உடனே நிறுத்தி, பயணிகளைப் படி வழியே இறக்கி, புதிய பாகம் பொருத்தி, சோதனை முடிந்த பிறகே திரும்ப ஓட்டினார்கள்.

சீட்டு பத்து டாலருக்கு மேல். தங்கை மகள் முதல் வரிசைதான் வேண்டும் என்று நின்றாள். இடுப்புக்கு மேல் தடித்த ஒரு கம்பி இறங்கியது. நிலையத்தில் உயரமான நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். வண்டியை நிறுத்துவது அவர் கைதான். அவர் நெம்புகோலைத் தளர்த்தியதும் வண்டி நகர்ந்தது. சங்கிலி கொக்கி போட்டு இழுக்க, கடகட என்ற சத்தத்தோடு மேலே போனோம். ஏறும்போது நிறைய நேரம் கிடைக்கிறது. கடல் அகன்றுகொண்டே போனது. பலகைப் பாதையில் நடப்பவர்கள் சிறுத்தார்கள். உச்சியில் சங்கிலிச் சத்தம் நின்றது.

"கண்ணை மூடாதீங்க பெரியம்மா!"

மூடவில்லை. முதல் இறக்கத்தில் இருக்கையிலிருந்து உடம்பு எழும்பியது, கம்பிதான் பிடித்து வைத்தது. அடிவாரத்தில் எலும்பெல்லாம் ஒன்றோடொன்று மோதின. பிறகு திருப்பம், மறுபடி ஏற்றம், மறுபடி சரிவு. மரம் அதிர்வதை முதுகெலும்பு நேரடியாக உணர்கிறது. இன்றைய எஃகு ரோலர் கோஸ்டர்கள் வழுக்கிக்கொண்டு போகும். இது அப்படியில்லை, ஒவ்வொரு இணைப்பும் உடம்பில் பதிகிறது. ஏழாவதோ எட்டாவதோ சரிவில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்படிச் சிரிக்க எத்தனை சந்தர்ப்பம் வருகிறது? பின்னாலிருந்த வரிசைகளில் எத்தனையோ மொழிகளில் கத்தினார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது, வண்டி நிலையத்துக்குள் வந்தது. நெம்புகோல்காரர் இழுத்தார், நின்றது. எனக்குப் பின்னால் இறங்கிய கிழவர் ஒருவர் வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றுகொண்டார்.

கார்க்கியோடு நான் முரண்படுவது இங்கேதான். சலிப்பை மறக்க வந்தவர்கள் என்று அவர் பார்த்தவர்கள், வாரம் முழுக்க உடம்பை விற்று வாழ்ந்தவர்கள். அந்த உடம்புக்கு ஒருநாள் தன் சொந்த ஆனந்தத்துக்காகத் துள்ளவும் அலறவும் உரிமை இருந்தது. அதை ஐந்து சென்டுக்குக் கொடுத்த இடம் வேறு எது?

இந்த இடத்தையும் பிடுங்கப் பார்த்தார்கள். சாயங்காலம் மேற்குப் பக்கம் நடந்து போனால் பாராசூட் ஜம்ப் நிற்கிறது. 1939 உலகக் கண்காட்சிக்காக எழுப்பி, 1941-இல் இங்கே கொண்டுவந்த 250 அடி இரும்புக் கோபுரம். 1960-களில் ஓய்ந்தது, இப்போது இரவில் விளக்கு மட்டும் ஒளிர்கிறது. அதைச் சுற்றி இருந்தது ஸ்டீபிள்சேஸ். 1907-இல் அது தீயில் கருகியபோது டில்யூ மறுநாளே வாசலில் பலகை மாட்டி, எரியும் இடிபாடுகளைப் பார்க்கப் பத்து சென்ட் வாங்கி, அந்தக் காசோடு புதிதாகக் கட்டினார். அப்படிப்பட்ட இடத்தை 1964-இல் மூடினார்கள். அடுத்த ஆண்டு கட்டட அதிபர் ஃபிரெட் டிரம்ப் வாங்கினார். அடுக்குமாடிகள் கட்டுவது அவர் திட்டம். நகரம் சின்னமாக அறிவிப்பதற்குள் இடித்துவிட வேண்டும் என்று 1966-இல் ஒரு விருந்து வைத்தார். விருந்தினர்கள் கையில் செங்கல்லைக் கொடுத்து, மகிழ்ச்சிக் கூடத்தின் முகப்புக் கண்ணாடியை உடைக்கச் சொன்னார். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த முகம் அந்தக் கண்ணாடியில் இருந்தது. நில வகையை மாற்ற நகரம் அனுமதிக்கவில்லை, அடுக்குமாடி எழவில்லை, 1969-இல் அந்த நிலத்தை நகரமே வாங்கியது. இன்று அங்கே பேஸ்பால் மைதானம்.

ஃபெல்ட்மன் உணவகம் இருந்த மனையில் 1962-இல் வந்த ஆஸ்ட்ரோலேண்ட், நிலச் சொந்தக்காரரோடு குத்தகை ஒத்துவராமல் 2008-இல் மூடியது. நகரம் அடுத்த ஆண்டு நிலத்தின் ஒரு பகுதியை 9 கோடியே 56 லட்சம் டாலருக்கு வாங்கி, 2010-இல் புதிய லூனா பார்க் வந்தது. கடைசியாக வந்தது சூதாட்டக் கூடத்துக்கான யோசனை. 'தி கோனி' என்ற பெயரில், 300 கோடி டாலருக்கு மேல் மதிப்பிட்ட திட்டம், இந்தப் பழைய சவாரிகளுக்கு நடுவே. நான் போயிருந்தபோது ஊரில் அதே பேச்சு. வேலை வரும் என்று சிலர் சொன்னார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல முடியாது. கடலுக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்புகளில் ஏழ்மை அதிகம், கோடை முடிந்தால் இங்கே வேலையே இல்லை. பொம்மைத் துப்பாக்கிக் கடை நடத்தும் பெண்மணி ஒருவர் வேறுமாதிரி சொன்னார். சூதாடுகிறவன் வெளியே வந்து ராட்டினத்தில் ஏறமாட்டான், அவனை உள்ளேயே வைத்திருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் தொழில் என்றார். பேசிக்கொண்டே தங்கை மகளுக்கு இரண்டு குண்டு அதிகமாகக் கொடுத்தார்.

கோடையில் வெள்ளிக்கிழமைதோறும் இரவு வாணவேடிக்கை உண்டு. ஒன்பதரைக்கெல்லாம் பலகைப் பாதையில் நிற்க இடமில்லை. மணலில் போர்வை விரித்திருந்த அந்த வங்காளதேசப் பாட்டியை அடையாளம் கண்டு கையசைத்தேன். தட்டு காலியாகியிருந்தது. முதல் வெடி வெடித்ததும் கடற்கரையே சேர்ந்து ஆர்ப்பரித்தது.

நான் ஊர் திரும்பிய பின், செப்டம்பர் கடைசியில், தங்கை மகளிடமிருந்து செய்தி வந்தது. சூதாட்டக் கூடத்தை ஆராய அமைத்த ஆறு பேர் கொண்ட உள்ளூர்க் குழு அதை நிராகரித்துவிட்டது. ஆச்சரியக்குறிகளால் நிரம்பியிருந்தது அவள் செய்தி. நிலத்தில் பெரும்பங்கு இன்னும் தனியார் கையில்தான் இருக்கிறது. வேறொரு திட்டம் வரும். இதுவரை வந்த ஒவ்வொன்றையும் எதிர்த்து நின்றவர்கள் அந்தக் கரையில் இன்னும் கடை போட்டிருக்கிறார்கள். வசந்தம் வந்ததும் சைக்ளோனும் வொண்டர் வீலும் புதிய பருவத்துக்குத் திறக்கும். திறக்கும் அன்றைக்கே போக வேண்டும் என்று அவள் தன் அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.